நுரை வராத பொடி

போடி
19 ஜூலை 2024

பாஜிலா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டாய். சரி. உன் பொடி டிரம்மை பஸ் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன், அதற்குள்ளேயே இந்தக் காகிதத்தையும் வைக்கிறேன். இதை நீ பாதியில் கட் செய்ய முடியாது.

என் மிஷின் நின்றுவிட்டது. ஆடி பிறந்த அன்று லாட்ஜ் பெட்ஷீட்டுகளைப் போட்டு ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளை. உள்ளே துணி இருப்பதே தெரியவில்லை. பொடி போடுகிற இழுப்பறை வழியாகவும் நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. பிறகு பீப் பீப் என்று கத்தியது, திரையில் ஏதோ எழுத்தைக் காட்டியது, அடங்கிவிட்டது. கதவும் திறக்கவில்லை.

முந்தின வாரம் துவைத்துக் கொடுத்த விரிப்புகளை லாட்ஜ் மேனேஜர் வைகுண்டராஜ் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். எல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடக்கின்றன. தட்டினால் வெள்ளையாகத் தூள் உதிர்கிறது. “என்னம்மா இது, கஞ்சி போட்டா தரச் சொன்னோம்? கெஸ்ட்டு ஒருத்தரு மேலெல்லாம் அரிக்குதுன்னு சண்டைக்கு வந்துட்டாரு” என்று தெருவில் வைத்துக் கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது.

என்னவெல்லாம் பேசினாய் நீ! முன்பக்கம் கதவு வைத்த மிஷினுக்கென்றே வீட்டில் செய்த பொடி, நுரையே வராது, கடைப் பொடியெல்லாம் இதன் கிட்டே நிற்க முடியாது! இப்போது என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் ஊர் கம்பத்தில் வாளியில் துவைக்கிறவர்களுக்கும் அதே பொடியை விற்க ஆரம்பித்தாய். அவர்கள் நுரை எங்கே என்று கேட்டிருப்பார்கள். நீயும் நுரைக்கு எதையோ கலந்துவிட்டாய்.

உனக்கு இது கடையில் இன்னொரு சரக்கு. எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். என்னைக் கட்டியவன் கார்த்திக்ராஜ் கதவை என் கைமேல் அறைந்து சாத்திய நாளிலிருந்து இந்த மணிக்கட்டு திரும்பாது. ஒரு துண்டைக்கூட முறுக்கிப் பிழிய முடியாது. மிஷின் ஓடினால்தான் எனக்கு வேலை. அழகுமலை மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தையையும் உனக்குச் சொன்னேன்: “ஆடியில பேச்சு எடுக்க வேணாம். ஆவணி பொறக்கட்டும். அதுக்குள்ள இவ சொந்தமா சம்பாரிச்சு நின்டா சரி. இல்லையா, ஒண்ணாந்தேதி மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்து, தேவதானப்பட்டிக்கு நானே கொண்டுபோய் விட்டுர்றேன்.”

அந்த வீட்டு வாசலை நான் இனி மிதிக்க மாட்டேன். அதற்கு இந்த மிஷின் ஓடியாக வேண்டும். இத்தனையும் தெரிந்தும் செய்தாயே, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?

பவானி


கம்பம்
23 ஜூலை 2024

அடியே பவானி,

டிரம்மைத் திறந்தால் பொடி வாசம் வரவில்லை, உன் கோபம்தான் நெடியாக ஏறியது. பிளாக் செய்தேன்தான். “ஏமாத்துக்காரி” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினவளுக்கு மாலையா போடுவார்கள்? தெரியாமல் அதைக் கடையில் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரர் சேக் பரீத் தலையைக் குனிந்துகொண்டார். அரிசி வாங்க வந்த குமுளிக்காரர், “எந்தா சேச்சி, வழக்கா?” என்று மலையாளத்தில் சண்டை விசாரிக்கிறார். யா ரப்பே, என் மானமே போய்விட்டது.

நுரையா? என் பொடியிலா? உனக்கு வாய் கூசவில்லை? அதில் என்ன இருக்கிறதென்று உனக்கே தெரியுமே! கூட உட்கார்ந்து சலித்தவள் நீதானே! சலவை சோடா, ஆப்ப சோடா, மதுரை கெமிக்கல் கடையில் வாங்கின நுரை வராத சலவைத் திரவம். வேறொன்றும் கிடையாது. முதலில் பூந்திக்கொட்டையை அரைத்துப் போட்டோம். அது நுரைத்தது, விட்டோம். பிறகு ஆளாளுக்குச் சொல்கிறார்களே என்று கட்டிச் சோப்பைத் துருவிப் போட்டோம். உங்கள் வீட்டு போர் தண்ணீரில் அது திரிந்த பால் மாதிரி துணியெல்லாம் ஒட்டியது. அதையும் விட்டோம். எத்தனை பாவாடையைப் பாழாக்கி இந்தப் பொடிக்கு வந்து சேர்ந்தோம்? மறந்துவிட்டாயா?

இந்த மிஷின் குடிப்பதே கொஞ்சம் தண்ணீர். நுரை வந்தால் அதை அலசத் தண்ணீருக்கு எங்கே போகும்? துணி உருண்டு விழுந்து அடிபட்டால்தானே அழுக்குப் போகும். நுரை நிறைந்தால் துணி மெத்தையில் படுத்தமாதிரி சும்மா கிடக்கும். தண்ணீரை வெளியே தள்ளும் பம்பும் அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் உங்கள் வீட்டு அடுப்படியில் நின்று தொண்டை கிழியச் சொன்னேன். உங்க அம்மாகூட, “நுரையே வரலைன்னா அழுக்கு எப்பிடித்தா போகும்?” என்று கேட்டாக. “அம்மா, நுரை வந்துச்சுன்னா மிசினு செத்துச்சுன்னு வச்சுக்கங்க. நீங்கதான் இதுக்குக் காவல்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வேண்டுமானால் அவுகளையே கேள்.

உத்தமபாளையத்தில் ஜெபஷீலா டீச்சரிடமும் இதே மாதிரி மிஷின்தான். உனக்கு அனுப்புமுன் இதே டிரம்மிலிருந்துதான் வாங்கிக்கொண்டு போனாக. அங்கே நுரையும் இல்லை, அரிப்பும் இல்லை. போடியில் மட்டும் என் பொடி பேய் பிடித்து ஆடுகிறதாக்கும்!

நீ திருப்பி அனுப்பின டிரம்மிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து, பாட்டில் தண்ணீரில் போட்டு, கை வலிக்கக் குலுக்கினேன். சேக் பரீத் சாட்சி. ஒரு பொட்டு நுரை நிற்கவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் கொட்டி வைத்துத்தானே எடுத்துப் போடுகிறாய்? அந்த டப்பாப் பொடியை அனுப்பு. அதையும் பார்த்துவிடுவோம். இந்தக் கடிதத்தோடு புதுப் பொடியை அதே டிரம்மில் போட்டு அனுப்புகிறேன்.

உன் புருசன்மேல் காட்ட வேண்டிய கோபத்தை என்மேல் காட்டாதே. அவன் கதவைச் சாத்தினபோது உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவள் நான்.

பாஜிலா


போடி
26 ஜூலை 2024

பாஜிலா,

டப்பாவை அப்படியே அனுப்பியிருக்கிறேன். நன்றாகக் குலுக்கிப் பார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லிக் காட்டிவிட்டாய். என்றைக்காவது சொல்வாய் என்று எதிர்பார்த்தேன்.

மெக்கானிக் வந்தார். கீழே உள்ள பம்பு மூடியைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று கொட்டியது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “கட்டிச் சோப்பு போட்டீகளாம்மா?” என்று கேட்டார். இல்லை, சிநேகிதி செய்து கொடுத்த பொடி என்றேன். அவர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். “வீட்டுல செஞ்சதுல்ல, அப்பிடித்தான் இருக்கும்” என்றாள். உன்னை விட்டுக்கொடுக்காமல் நான்தான், “அப்படியெல்லாம் இல்லம்மா” என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போது என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

வைகுண்டராஜ் திருப்பிக் கொடுத்த விரிப்புகளைக் கையால் துவைத்தேன். வேறு வழி? மிதித்து அலசிவிடலாம், பிழிவதுதான் முடியவில்லை. கொல்லைக் குழாயில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை வலது கையால் முறுக்கினேன். அப்படியும் இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டு அழுதாள். “இந்தக் கைய வச்சுக்கிட்டு எதுக்குத்தா இம்புட்டுப் பாடு? மாப்பிள்ள இப்ப ரொம்ப மாறிட்டாகளாம். மாமா சொன்னாக” என்றாள். பாவம், அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

மிஷினைச் சரிசெய்து மறுபடி ஓட விட்டிருக்கிறேன். லாட்ஜில் இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். நுரை வந்தால் என் கதை முடிந்தது. நீ அனுப்பின புதுப் பொடியைத்தான் வேறொரு டப்பாவில் கொட்டியிருக்கிறேன், கடைப் பொடி வாங்க கையில் வழியில்லை என்பதால். நம்பி அல்ல.

பவானி


கம்பம்
30 ஜூலை 2024

பவானி,

குலுக்கினேன். பாட்டில் மூடியைத் திறந்ததும் நுரை என் கைமேல் வழிந்தது.

டப்பாப் பொடியைத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தேன். நீல நிறத்தில் சன்னமாகத் துருவல். நகத்தால் கிள்ளினால் மெழுகு மாதிரி இருக்கிறது. கட்டிச் சோப்பு. உன் மெக்கானிக் கெட்டிக்காரர். அவர் சொன்னதைக் கேட்கிற காதுதான் உனக்கு இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறிந்தேன். சோப்பை நீயே துருவிப் போட்டுவிட்டு, ஏமாற்றுக்காரி என்று எனக்குப் பட்டம் கட்டினாயா? என்னிடம் சொல்லாமல் எதற்குப் போட்டாய்? லாட்ஜ்காரன் வெள்ளை வெளேரென்று வேண்டுமென்றானா? ஊரே நுரையைக் கும்பிடுகிறது, நீயும் சேர்ந்து கும்பிட்டாயா?

இதுவரை எழுதிவிட்டுக் காகிதத்தை மடித்துவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை, பிரித்து எழுதுகிறேன். நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. உனக்கு வாய்தான் நீளம், திருட்டுப் புத்தி கிடையாது. உன் உயிரே அந்த மிஷினில்தான் ஓடுகிறது, அதில் நீயே மண்ணள்ளிப் போட மாட்டாய். அப்படியானால் வேறொரு கை அந்த டப்பாவுக்குள் போயிருக்கிறது. உன் வீட்டில் இருப்பது நீங்கள் ரெண்டே பேர்.

அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை. எனக்கும் அவுக சோறு போட்டிருக்காக. நோன்பு திறக்க எனக்கென்று கஞ்சி வைத்துக் கொடுத்தவுக. நான் நினைப்பது தப்பாக இருந்தால் ரப்பு என்னை மன்னிக்கட்டும். ஆனால் டப்பாவைப் பூட்டி வை.

பாஜிலா


போடி
1 ஆகஸ்ட் 2024

உனக்கு எவ்வளவு திமிர் இருந்தால் என் அம்மாவைச் சொல்வாய்? நான் கை ஒடிந்து வந்து நின்றபோது கதவைத் திறந்தவள் அவள். இத்தனை நாள் எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறவள் அவள்.

உன் பொடியும் வேண்டாம், நீயும் வேண்டாம். இனிமேல் எழுதாதே.

பவானி


போடி
7 ஆகஸ்ட் 2024

பாஜிலா,

எழுதாதே என்று சொன்னவள் நான்தான். நானே எழுதுகிறேன். சிரிக்காதே.

ஆடிப்பெருக்கன்று லாட்ஜுக்கு விரிப்புகளைக் கொடுக்கப் போனேன். அன்று மேனேஜர் இல்லை, கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன். அடுப்படியில் சத்தம் இல்லை. அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். கொல்லைப்பக்கம் மிஷின் இருக்கிற தகரக் கொட்டகையில் சர் சர் என்று ஏதோ உரசும் சத்தம். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் என் டப்பாவை வைத்து, கேரட் துருவியில் நீலச் சோப்பைத் துருவிக்கொண்டிருந்தாள். தேங்காய் துருவுகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

நுரை வராவிட்டால் அழுக்குப் போகாது என்று நினைத்துத்தான் செய்கிறாள் என்று அந்த நிமிஷம்கூட நம்பினேன். சத்தியமாக நம்பினேன். கோபப்படாமல்தான் கேட்டேன்: “ஏம்மா, நுரைக்காகவா போடுற? நுரை வந்தா மிஷின் நின்னுபோகும்னு பாஜிலா அன்னைக்கே சொன்னாள்ல?”

“சொன்னா. அதக் கேட்டுத்தான் போட்டேன்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன என்றேன்.

“மிசினு நின்டா நீ மாப்பிள்ளகிட்டயே திரும்பிப் போயிருவேன்னு நெனச்சேன். எனக்கப்புறம் ஒனக்கு யாருத்தா இருக்கா? ஒத்தப் பொம்பள ஊரான் வீட்டுப் போர்வையத் தொவச்சே காலத்தத் தள்ளிருவியா? ஒரு கைதான போச்சு. அவுக இனிமே அடிக்க மாட்டேன்னு மாமாகிட்ட சத்தியம் பண்ணிருக்காக.”

ஒரு கைதான போச்சு! என்னைப் பெற்றவள் சொன்னாள் இதை. அந்தக் கைக்குத்தான் எண்ணெய் தேய்த்துவிட்டு அழுதாள். காலையில் சோப்பைத் துருவிப் போட்டவளே சாயங்காலம் எண்ணெயும் தேய்த்திருக்கிறாள், பாஜிலா. அந்த அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

துருவியைப் பிடுங்கிக் கொல்லையில் வீசினேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அவள் மடியில் கிடந்த துருவலைக் கூட்டி அள்ளினாள். பிறகு அடுப்படிக்குப் போய், “சாப்பிட வா, ஆறிப்போகும்” என்று கூப்பிட்டாள்.

கொட்டகைக்குப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து மிஷின் ஒழுங்காக ஓடுகிறது. நுரை இல்லை. ஆனால் எனக்குத்தான் இந்த வீட்டில் தூக்கம் வரவில்லை. சோறு போட்டுக் கொடுத்தால் தட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். பெற்றவள் போட்ட சோற்றைச் சந்தேகப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

உன்னைத் திட்டினதெல்லாம் தப்பு. ஏமாற்றுக்காரி என்று சொன்னது ரொம்பத் தப்பு. நீ என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. ஆனால் எழுது.

பவானி


கம்பம்
10 ஆகஸ்ட் 2024

அடி கூறுகெட்டவளே,

உன்னைத் திட்டவா? திட்ட ஆளா இல்லை எனக்கு? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து இங்கே கடையில் யார் சோப்பு கேட்டாலும் எரிந்து விழுகிறேன். சேக் பரீத் என்னைக் கல்லாப் பக்கமே விடவில்லை.

ஒரு கைதான போச்சாம்! அப்போது இன்னொரு கை யாருக்கு? அதையும் கொண்டுபோய் அந்தத் தேவதானப்பட்டிக் கதவிடுக்கில் வைக்கவா? அவுக வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுகிறேன், பவானி, ஆனால் எனக்கு வாயில் வருவதெல்லாம் வேறு. நுரைக்குக் காவலாக நான்தானே அவுகளை உட்கார வைத்தேன்! மிஷினைக் கொல்வது எப்படி என்று நானே வகுப்பெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நினைத்தால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீ என்னைத் திட்டினதை நான் மறக்கவில்லை. ஏமாற்றுக்காரி என்றாய், நீயெல்லாம் சிநேகிதியா என்றாய். நேரில் வா, மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொள்வாய். இப்போது அதற்கு நேரமில்லை.

பூட்டை நம்பி அங்கே இருக்காதே. இன்றைக்குச் சோப்பு, நாளைக்குத் தண்ணீர்க் குழாய், அதற்கு மறுநாள் மாமன் வந்து கரண்ட்டைப் பிடுங்குவான். வீடு அவுக வீடு. நீ எத்தனை பூட்டுப் போடுவாய்?

எங்கள் கடைக்குப் பின்னால் ஏலக்காய்ச் சாக்கு அடுக்குகிற கிட்டங்கி பாதி காலியாகத்தான் கிடக்கிறது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வருகிறது, உங்கள் போர் தண்ணீர் மாதிரி உப்பு இல்லை. மேலே ஒரு அறை இருக்கிறது, உள்ளிருந்து தாழ்ப்பாள் போடலாம். குமுளியில் வீட்டையே விருந்தினருக்கு விடுகிற கிங்ஸ்லி அண்ணனிடம் பேசிவிட்டேன். துவைத்துக் கொடுக்க ஆள் கிடைக்காமல் அவர் அல்லாடுகிறார். மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சேர். உபகாரம் செய்கிறேன் என்று நினைத்து மூக்கைச் சிந்தாதே. வாடகை கொடுக்கத்தான் வேண்டும், பொடிக்கும் காசு வாங்குவேன்.

ஆவணி பிறப்பதற்கு முன்னால் வா. பிளாக்கை எடுத்துவிட்டேன், போன் பண்ணு.

பாஜிலா


போடி
13 ஆகஸ்ட் 2024

பாஜிலா,

போன் பண்ணவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருக்கிறாள். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதை அவள் கேட்டுவிடுவாள். அவள் அதைக் கேட்கக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் லோடு ஆட்டோ பேசியிருக்கிறேன். மிஷின், டிரம், என் பெட்டி, அவ்வளவுதான். வைகுண்டராஜிடம் போய்ச் சொன்னேன். “இப்பத்தானம்மா துணி நல்லா வருது, இப்பப் போறியே” என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் பெட்டி கட்டுவதைப் பார்த்து, தேவதானப்பட்டிக்குத்தான் கிளம்புகிறேன் என்று நினைத்திருக்கிறாள். முகம் மலர்ந்து, என் பட்டுச்சேலையை அலமாரியிலிருந்து எடுத்து வந்து நீட்டினாள். “கம்பத்துக்குப் போறேன், பாஜிலா வீட்டுக்கு” என்றேன். சேலையைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அதன் மடிப்பை நீவிக்கொண்டே, “நானும் வரட்டா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சொல்லும்போது எனக்குக் குரல் உடையவில்லை. அவ்வளவு கோபம் இருக்கிறது, இன்னும் ஒரு துளி குறையவில்லை. என்றைக்காவது குறையுமா என்றும் தெரியவில்லை.

இன்று காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். “ஒண்ணாந்தேதி மாமாவும் மாப்பிள்ளையும் வருவாகளே. எம்மக எங்கன்னு கேட்டா நான் என்னத்தா சொல்லட்டும்?” என்றாள்.

“நீ ஒக்காந்து சோப்புத் துருவுனத அப்பிடியே சொல்லும்மா” என்றேன்.

அவள் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பவானி